கணித தின மாறுவேடம்: ரெண்டாங்கிளாஸ் பொண்ணுக்கு என்ன போடலாம்?

கிருஷ்ணகிரி அம்மா:
எல்லாருக்கும் வணக்கம், அவசரமா ஒரு ஐடியா வேணும். டிசம்பர் 22 ராமானுஜன் பொறந்தநாள், அதத்தான கணித தினமா கொண்டாடுறாங்க, ஸ்கூல்ல அதுக்கு மாறுவேடப் போட்டி. அரையாண்டு பரீட்சை குறுக்க வர்றதால முன்னாடியே வர்ற வெள்ளிக்கிழமையே வச்சிட்டாங்க. கணக்கு சம்பந்தமா என்ன வேணா போடலாமாம். போன வருஷம் கால்குலேட்டர்னு சொல்லி டிவி வந்த அட்டைப்பெட்டிய வெட்டி மாட்டிவிட்டேன், ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஒக்காந்து பட்டன் ஒட்டினது நான், காலைல பாத்தா புள்ள வேன்ல ஏற முடியல, கிளாஸ்ல ஒக்கார முடியல, பாத்ரூம் போறதுக்கு ஆயாம்மா வந்து மொத்தத்தையும் கழட்டிட்டாங்க, மேடைக்கு போறதுக்குள்ள 7ம் 8ம் உதிர்ந்து போச்சு. இந்த தடவ அட்டைப்பெட்டி பேச்சே வேணாம். வாடகை ட்ரெஸ் கடைல "ராமானுஜன் கோட்டு இருக்குது"ன்றாங்க, ஆனா கிளாஸ்ல ஏற்கனவே நாலு ராமானுஜன் ரெடியா இருக்காங்க. செலவு 300 ரூபாய்க்குள்ள முடியணும்.

ஓசூர் கணக்கு வாத்தியார்:
இந்த மாதிரி போட்டிக்கு நான் ரெண்டு மூணு தடவ ஜட்ஜா ஒக்காந்திருக்கேன். ட்ரெஸ் எவ்ளோ ஜோரா இருந்தாலும் "நீ யாரு கண்ணு"ன்னு ஒரு கேள்வி கேப்போம், அங்கதான் பாதி புள்ளைங்க அம்மாவ திரும்பி பாக்கும். ஒரு பையன் நெஞ்சுல 3.14159ன்னு பெருசா எழுதிகினு வந்தான், பைன்னா என்னடான்னு கேட்டா முதுகுல தொங்குற ஸ்கூல் பைய காட்டுறான். அதனால புள்ளைக்கு புரிஞ்சத போடுங்க.

ராமானுஜன்தான்னு முடிவாச்சுன்னா கோட்டு வேணாம். 1914ல சீமைக்கு கப்பல் ஏறுற வரைக்கும் அவரு குடுமி, நாமம், வேட்டிதான். கையில ஒரு சிலேட்டு குடுத்து, எழுதி எழுதி முழங்கையால அழிக்க சொல்லுங்க, பேப்பர் வாங்க காசில்லாம அவரு அப்டித்தான் கணக்கு போட்டாரு. 1729ன்ற டாக்ஸி நம்பர் ஸ்பெஷலான எண்ணுன்னு அவரு சொன்ன கதைய எல்லாரும் சொல்வாங்க, முழங்கைய யாரும் செய்ய மாட்டாங்க.

சந்தைக்காரன்:
அக்கா எங்க ஊரு போச்சம்பள்ளி பக்கம், நான் ஒண்ணு சொல்றேன் சிரிக்காதீங்க, மாட்டுத் தரகர் வேஷம் போடுங்க! தலப்பா, தோள்ல ஒரு துண்டு, அவ்ளோதான், பத்து பைசா செலவில்ல. சந்தைல துண்டுக்குள்ள கைய விட்டு விரல புடிச்சே வெல பேசுவாங்க இல்ல, எத்தன விரல புடிக்கிறாங்களோ அத்தன ஆயிரம், அத்தன நூறு, சுத்தி நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. எங்க தாத்தா பள்ளிக்கூடம் பக்கமே போனதில்ல, அந்த துண்டுக்குள்ளயே கூட்டல் கழித்தல் கமிஷன் எல்லாம் முடிச்சிட்டு சும்மா பீடி பத்த வச்சிகினு நிப்பாரு. ஜட்ஜு கையவே துண்டுக்குள்ள விட சொல்லி பாப்பா வெல பேசட்டும்.

பாலக்கோடு பொண்ணு:
துண்டு ஐடியா சூப்பர் தம்பி, ஆனா பொண்ணு கூச்சப்படும்னா கஷ்டம். சகுந்தலா தேவியும் போடலாம், புடவை பெரிய பொட்டு போதும், 1980ல லண்டன்ல ரெண்டு 13 இலக்க எண்ண 28 செகண்ட்ல பெருக்கி சொன்னவங்க, ஆனா மேடைல யாராவது பெருக்கல் கேட்டுட்டா வம்பு.

என் ஓட்டு கோலத்துக்கு சிஸ். பழைய கருப்பு பாவாடை இல்ல கருநீலம் எடுத்து தரைல விரிச்சி, வெள்ளை ஃபேப்ரிக் பெயிண்ட்ல ஊடுபுள்ளி (ரெண்டு புள்ளிக்கு நடுவுல அடுத்த வரிசை புள்ளி) வச்சி கோலம் போட்டுடுங்க. நடுவுல 7 புள்ளி, அப்புறம் ரெண்டு பக்கமும் 6, 5, 4. மொத்தம் 35 புள்ளி. அறுகோணமா வரும், ஆறு பக்கமும் ஒரே மாதிரி, எந்தப் பக்கம் திருப்பி புடிச்சாலும் அதே கோலம்தான், அதையே பாப்பா சுத்தி காட்டி சொல்லலாம். பெயிண்ட் காய ஒரு ராத்திரி விடுங்க, இப்ப பனியில சீக்கிரம் காயாது, புதன்கிழமையே போட்டுடுங்க. முன்பக்கம் மட்டும் போதும், பின்னாடி போட்டா ஒக்காந்ததும் வெடிச்சி உரியும் (அனுபவம்).

கிருஷ்ணகிரி அம்மா:
ரொம்ப தேங்க்ஸ் சிஸ், கோலமே முடிவு பண்ணிட்டேன், தீபாவளி பாவாடை ஒண்ணு நீளம் பத்தாம கெடக்குது, அதான். ஒரே ஒரு விஷயம். பொண்ணுகிட்ட 35ன்னு மனப்பாடம் பண்ண சொன்னா, வீட்ல கொட்டை எடுக்க கொட்டி வச்ச புளியில இருந்து புளியங்கொட்டைய பொறுக்கி வந்து திண்ணைல வரிசையா அடுக்கி எண்ணிட்டு 37ன்றா. நானும் கூட்டி பாத்தேன், 7, அப்புறம் பன்னெண்டு, பத்து, எட்டு. 37தான் வருது.

பாலக்கோடு பொண்ணு:
அய்யய்யோ ஆமா 😅 20 வருஷமா வாசல்ல போடுறேன், ஒரு நாளும் எண்ணினதில்ல.

ஓசூர் கணக்கு வாத்தியார்:
வேற ஒண்ணுமே பேச வேணாம்மா, அந்த புளியங்கொட்டைய ஒரு டப்பால போட்டு கையோட மேடைக்கு அனுப்புங்க. ஜட்ஜு கேட்டா அங்கயே அடுக்கட்டும்.