பீச் காப்ளரின் மேல்மாவு அடிப்பக்கம் வேகாமல் களியாகிறது: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். இங்கே ஜார்ஜியா மாநிலத்தில் பீச் பழக் காலம் என்பதால், ரொட்டிக்காக வளர்த்துவரும் சவர்டோ ஸ்டார்ட்டரில் (இயற்கையாகப் புளிக்கவைத்த மாவுக் கலவை) மிஞ்சுவதைக் கொட்ட மனமின்றி, அதைக் கொண்டு இரண்டு முறை பீச் காப்ளர் (பழத்தின் மேல் மாவை இட்டு அவனில் சுடும் இனிப்பு) செய்தேன். இரண்டு முறையும் ஒரே குறைதான்.

மேல்மாவுக்கு, மாவும் தண்ணீரும் சம எடையில் கலந்த ஸ்டார்ட்டர் 120 கிராம், மைதா 120 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 60 கிராம், பால் 60 மில்லி ஆகியவற்றோடு ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் சேர்த்தேன். கீழே ஒரு கிலோ பழம், 100 கிராம் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி சோள மாவு (கார்ன்ஃப்ளார்). 190 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம் வெந்ததும் மேற்புறம் பொன்னிறமாக மொறுமொறுப்பாக இருந்தது. ஆனால் கரண்டியால் பெயர்த்தால், சாற்றைத் தொட்டுக்கொண்டிருந்த அடிப்பக்கம் கேழ்வரகுக் களிபோல் கரண்டியிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. மணமும் இளம்புளிப்பும் அவ்வளவு அருமையாக இருந்ததால்தான் கைவிட மனம் வரவில்லை.

பழத்தை முதலில் தனியே 15 நிமிடம் சுட்டு, சாறு கொதிக்கும்போது மாவை இட்டால் அடிப்பக்கமும் வேகுமா? சோடா புளிப்புடன் சேர்ந்த உடனே நுரைக்கத் தொடங்கிவிடும்; நானோ மாவைப் பிசைந்துவைத்துவிட்டு, பழம் நறுக்க 20 நிமிடம் எடுத்துக்கொண்டேன். காரணம் அந்தத் தாமதமா, ஸ்டார்ட்டரின் ஈரமா? செய்து பார்த்தவர்கள் தங்கள் அளவுகளோடு சொன்னால், வரும் ஞாயிற்றுக்கிழமை அப்படியே செய்துபார்ப்பேன்.