பாரடாக்ஸ் வரையும்போது ஒரு இடத்துல மட்டும் இடிக்குது, ஏன்?

மைக்கறை:
ஜென்டாங்கிள் (சின்னத் தாள்ல பேனாவால ஒரே மாதிரி கோடுகளைத் திரும்பத் திரும்பப் போட்டு வரையறது) ஆரம்பிச்சு மூணு மாசம் ஆச்சு. இப்போ ரிக்ஸ் பாரடாக்ஸ் பேட்டர்ன்லயே மாட்டிக்கிட்டு இருக்கேன், நடுவுல ஒரு புள்ளி வெச்சு அதைச் சுத்தி முக்கோணமா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு மூலைலேர்ந்து அடுத்த மூலைக்குக் கொஞ்சம் தள்ளி நேர்கோடு போட்டு, அப்படியே சுத்திச் சுத்தி உள்ள போவோம்ல, பக்கத்து பக்கத்து முக்கோணத்துல திசைய மாத்தி மாத்தி போட்டா சிப்பி மாதிரி அழகா வருது. ஆனா கடைசி முக்கோணம் மட்டும் சேரவே மாட்டேங்குது. நாலு தாள் போச்சு. மனசு அமைதியாகும்னு உக்காந்தா பிபி தான் ஏறுது. வேற என்னென்ன மாதிரி மாத்திப் பாக்கலாம்னும் சொல்லுங்க.

பேனாமூடி:
மொத்தம் எத்தனை முக்கோணம்னு எண்ணிப் பாருங்க, அஞ்சோ ஏழோ இருக்கும்னு நினைக்கிறேன். வலம், இடம், வலம், இடம்னு ஒரு புள்ளிய சுத்தி வந்தா ரெட்டைப்படையில தான் முடியும், ஒத்தைப்படைனா கடைசியும் முதலும் ஒரே திசைல வந்து நிக்கும். உங்க கை மேல தப்பில்ல.

ரெண்டு முக்கோணம் எதிர் எதிர் திசைல சுத்தினா நடுக்கோட்டோட ஒரே முனையிலேர்ந்து விசிறி மாதிரி விரியும், அதான் உங்க சிப்பி. ஒரே திசைல சுத்தினா ஒண்ணு இந்த முனைல ஆரம்பிக்கும், இன்னொண்ணு அந்த முனைல, அலை மாதிரி வளைஞ்சு ஓடும். எல்லாத்தையும் ஒரே திசைல ஒருதடவ போட்டுப் பாருங்க, அதே பேட்டர்னானு சந்தேகமே வரும்.

மாத்துறப்ப ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துங்க. இன்னிக்கு இடைவெளி மட்டும். மூலைலேர்ந்து துளி தள்ளி முடிச்சா கோடு நெருங்கி வளைவு வழுவழுன்னு வரும், நல்லா தள்ளி முடிச்சா நாலஞ்சு கோட்டுலயே முறுக்கிக்கிட்டு போயிடும். நாளைக்கு முக்கோணத்துக்குப் பதிலா சதுரம். எல்லாத்தையும் ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னே தெரியாது (நான் ஒரு நோட்டு முழுக்க அப்படித்தான் வீணாக்கினேன்).

அப்புறம் கைய வளைக்காதீங்க, தாளைத் திருப்புங்க.

சாயங்காலம்:
நம்ம சிக்குக் கோலம் தானே இது, பேர மாத்தி விக்கிறாங்க 😄

பேனாமூடி:
@சாயங்காலம் இல்லீங்க. சிக்குக் கோலத்துல புள்ளிய சுத்தி வளைஞ்சு கோடு ஆரம்பிச்ச இடத்துக்கே திரும்பி வரணும், இதுல எல்லாம் நேர்கோடு, வளைவு சும்மா கண்ணுக்குத் தெரியறது தான். கோலத்துல தப்பினா அழிச்சுட்டுப் போடலாம், இங்க ரப்பரே கிடையாது. ஜென்டாங்கிள் ரிக் ராபர்ட்ஸ், மரியா தாமஸ்னு அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல இருக்கிற ஜோடி உருவாக்கினது, இந்தப் பேட்டர்ன் பேர்ல வர ரிக் அவர்தான். ரெண்டுலயும் மனசு ஒருமிக்குதுங்கிறது மட்டும் ஒத்துக்கறேன்.

கட்டம்போட்டசட்டை:
பேனா என்ன யூஸ் பண்றீங்க? 01 மைக்ரான் பேனால, அதாவது 0.25 மிமீ கோடு, இவ்ளோ நெருக்கமா போட்டா நடுவுல ஒரே கருப்பா அடைஞ்சுடும். மூணரை இஞ்ச் தாள்ல முக்கோணம் பெருசா வெச்சுக்கோங்க, இல்லனா அடையறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டு மிச்ச ஓட்டைய கருப்படிச்சிருங்க, அதுவே ஒரு வெரைட்டி.

மைக்கறை:
எண்ணிப் பாத்தேன். அஞ்சு 🤦 நாலு தாள்லயும் அஞ்சு!! இப்போ ஆறு போட்டேன், கச்சிதமா சேந்துது, ஆனா பக்கத்துல வெச்சுப் பாத்தா அந்த இடிக்கிற தாள் தான் நல்லாருக்குன்னு என் பொண்ணு சொல்றா, அந்த இடத்துல மட்டும் பென்சில் ஷேடு கொடுத்துட்டு இருக்கேன்.