ஏஐ காட்டும் பாதுகாப்பு ஓட்டைகளில் எது நிஜம் என்று எப்படி உறுதி செய்வது?

பைட்வாசி:
படக்கோப்புகளைப் படிக்கும் ஒரு சின்ன சி லைப்ரரியைப் பராமரிக்கிறேன், ஓப்பன் சோர்ஸ்தான். சோர்ஸ் முழுவதையும் ஒரு ஏஐ மாடலிடம் கொடுத்துப் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடச் சொன்னேன். நீளமான பட்டியல் வந்தது, எல்லாமே "மிகக் கடுமையானது" என்ற முத்திரையோடு. படித்தால் ஒவ்வொன்றும் நம்பும்படியாகத்தான் இருக்கிறது. எதை நம்புவது? எக்ஸ்ப்ளாய்ட் (ஓட்டை வழியாகத் தாக்கும் நிரல்) எழுதித் தரச் சொல்லிக் கேட்பது சரியா? நான் பயன்படுத்தும் மற்ற லைப்ரரிகளையும் இப்படிச் சோதித்து ரிப்போர்ட் அனுப்பலாமா?

கடைசிபிட்:
விளக்கத்தைப் படித்து முடிவு செய்யாதீர்கள். விளக்கம் எழுதுவது மாடலுக்கு மிகச் சுலபம், பொய்யான ஓட்டைக்கும் அதே அழகோடு எழுதும். லைப்ரரியை அட்ரஸ் சானிடைசர் (நிரல் மெமரியைத் தப்பாகத் தொட்டால் காட்டிக்கொடுக்கும் கருவி) போட்டு கம்பைல் செய்யுங்கள். பிறகு மாடலிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அந்த வரியை எட்டி கிராஷ் ஆக்கும் ஒரு கோப்பு. கோப்பைக் கொடுத்ததும் சானிடைசர் அலறினால் நிஜம்.

இதில் ஒரு தந்திரத்தைக் கவனியுங்கள். முடியாதபோது மாடல் உள்ளே இருக்கும் ஏதோ ஒரு ஃபங்ஷனை நேரடியாகக் கூப்பிட்டு, தப்பான அளவைத் தானே கொடுத்து, "பார், கிராஷ்" என்று காட்டும். அது ஓட்டையே அல்ல. வெளியாள் தொடக்கூடியது கோப்பு மட்டும் என்றால் நிரூபணமும் கோப்பு வழியாகத்தான் வர வேண்டும், இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். அப்புறம், அது எழுதித் தரும் எதையும் நெட்வொர்க் இல்லாத தனி விர்ச்சுவல் மெஷினில் மட்டும் ஓட்டுங்கள்.

ஓட்டை தேடும் கூகுளின் ஏஐ பிக் ஸ்லீப், 2024இல் எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்ததே, அதை எல்லோரும் மதித்ததற்குக் காரணம் இதுதான். அந்த ஏஐக்கு டீபக்கரும் நிரலை ஓட்டிப் பார்க்கும் வசதியும் இருந்தன, கிராஷ் ஆவதைக் காட்டியது. எஸ்க்யூலைட் குழு அன்றைக்கே சரிசெய்தது, அந்த கோடு அதிகாரப்பூர்வ வெளியீட்டுக்குப் போகவே இல்லை.

இழைநூல்:
மேலே சொன்னது சரி, ஆனால் எல்லா ஓட்டையும் கிராஷ் ஆகாது. அனுமதி இல்லாத ஆள் உள்ளே நுழைய முடிகிறது என்றால் சானிடைசர் வாயே திறக்காது. அங்கே "இவருக்கு மறுக்கப்பட வேண்டும்" என்று ஒரு டெஸ்ட் எழுதி, அது தோற்பதைக் காட்டுவதுதான் நிரூபணம்.

இன்னொன்று, ஒரே தடவை கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். 2025இல் ஷான் ஹீலன் என்ற ஆய்வாளர் லினக்ஸ் கேர்னலில் நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் கேஎஸ்எம்பிடி பகுதியை ஓபன்ஏஐயின் ஓ3 மாடலிடம் கொடுத்துப் பார்த்தார். தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பக்கைக் கண்டுபிடிக்கிறதா என்று 100 முறை ஓட்டினார். 8 முறை கண்டுபிடித்தது, 28 முறை இல்லாத பக்கைச் சொன்னது. சுமார் 12,000 வரி கோடை மொத்தமாகக் கொடுத்தபோது 100க்கு 1 முறைதான் அகப்பட்டது. ஆனால் அந்த 100 ஓட்டங்களில்தான் அவருக்கே தெரியாத புதிய ஓட்டை ஒன்று வெளியே வந்தது, அதன் பொது அடையாள எண் சிவிஇ-2025-37899: ஒரு இணைப்பு லாக்ஆஃப் செய்து யூசர் விவரத்தின் மெமரியை விடுவிக்கும் நேரத்தில், அதே செஷனில் இருக்கும் இன்னொரு இணைப்பு அதைத் தொடுகிறது. நேரம் ஒத்துவந்தால்தான் வெடிக்கும் இந்த மாதிரி பக்குக்கு ஒரு கோப்பைக் கொடுத்து நிரூபிக்க முடியாது, ஒரே நேரத்தில் ஓடும் த்ரெட்டுகளில் எது எந்த வரியில் நிற்கிறது என்று படிப்படியாக எழுதிக் காட்ட வேண்டும்.

பொறுமைமரம்:
ரிப்போர்ட் அனுப்புவது பற்றி. நீங்களே ஓட்டிப் பார்த்து உறுதி செய்யாத எதையும் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்தப் பக்கம் இருப்பவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாமல் உழைப்பவர்கள். இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் ஏஐ எழுதிய போலி ரிப்போர்ட்டுகள் குவிந்து, 2019 முதல் நடத்தி வந்த பக் பவுண்டியை (ஓட்டை கண்டுபிடிப்பவருக்குப் பணம் தரும் திட்டம்) 2026 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். அதே கர்லுக்கு 2025இல் ஒரு ஆய்வாளர் ஏஐ கருவிகளால் கண்டுபிடித்து அனுப்பிய பட்டியலால் பல பத்து பக்குகள் சரியாயின, அவர்களே பாராட்டினார்கள். ஆகவே ஏஐ என்பதற்காக யாரும் கோபப்படவில்லை.

வெர்ஷன், கம்பைல் செய்த விதம், கிராஷ் ஆக்கும் கோப்பு, சானிடைசர் தந்த அவுட்புட், இவ்வளவு போதும். ஏஐ உதவியது என்பதையும் சொல்லிவிடுங்கள். கிராஷ் வரை காட்டினால் போதும், கணினியையே கைப்பற்றும் எக்ஸ்ப்ளாய்ட் தேவையில்லை. பொது இஷ்யூவில் போடாமல் அவர்கள் சொல்லியிருக்கும் தனி வழியில் அனுப்பி நேரம் கொடுங்கள், ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு வழக்கமாகத் தருவது 90 நாள். அடுத்தவர் சர்வரில் மட்டும் எதையும் ஓட்டிப் பார்க்காதீர்கள்.

பைட்வாசி:
நன்றி. கோப்பு கேட்டதும் பட்டியலில் பெரும்பாலானவை கழன்றுவிட்டன. ஒன்று நிஜம். அகலம், உயரம், 4 மூன்றையும் 32 பிட்டில் பெருக்கி மெமரி கேட்கிறேன். அகலம் 65536, உயரம் 16385 என்று ஹெடரில் எழுதிய கோப்பைக் கொடுத்தால் பெருக்கல் 32 பிட்டில் அடங்காமல் மீண்டும் பூஜ்ஜியத்திலிருந்து சுற்றிக்கொண்டு 262144 பைட்தான் ஒதுக்குகிறது, எழுதப்போவதோ 4 ஜிபிக்கு மேல். இதற்கான பேட்ச்சையும் ஏஐயிடமே கேட்கலாமா?

கடைசிபிட்:
கேட்கலாம். அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா நடத்திய ஏஐ சைபர் சேலஞ்ச் போட்டியிலும் கண்டுபிடிப்பதற்கு மட்டுமல்ல, சரிசெய்து காட்டுவதற்கும் மதிப்பெண் இருந்தது. ஆனால் அது 65536 என்ற எண்ணை மட்டும் தடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லக்கூடும். பெருக்குவதற்கு முன்பே வரம்பைச் சோதிக்கிறதா, அதே மாதிரி பெருக்கல் வேறு எங்கும் இருக்கிறதா என்று நீங்கள் பாருங்கள். அந்தக் கோப்பை டெஸ்ட் தொகுப்பில் சேர்த்துவிடுங்கள், ஃபஸ்ஸருக்கும் (கோப்பை விதவிதமாக மாற்றிக் கொடுத்து கிராஷ் தேடும் கருவி) விதையாகக் கொடுங்கள்.