டைப் 1: 18 வயதில் பெரியவர்கள் பிரிவுக்கு மாறும் முன் என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

நிலாமுகில்:
மகளுக்கு 16 வயது. டைப் 1 நீரிழிவு, தினம் நாலு ஊசி, தைராய்டு மாத்திரையும் உண்டு. 18 முடிந்ததும் பெரியவர்கள் பிரிவுக்குப் போகச் சொல்கிறார்கள். ஃபைலை எடுத்துக்கொண்டு போனால் போதுமா? ஊசி அவளே போட்டுக்கொள்கிறாள். அளவு சொல்வது, மருந்து வாங்குவது, டாக்டரிடம் தேதி வாங்குவதெல்லாம் நாங்கள்தான்.

சிறார்பிரிவு_நர்ஸ்:
ஊசி குத்துவது சின்ன வேலை. எத்தனை யூனிட் என்று முடிவெடுப்பதுதான் பெரிய வேலை, அது இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த மாற்றத்துக்கான தயாரிப்பை 13, 14 வயதிலேயே ஆரம்பிக்கச் சொல்கிறது. ஆகவே இப்போது தொடங்குவது ஒன்றும் சீக்கிரமல்ல.

எல்லாப் பொறுப்பையும் ஒரே மாதத்தில் அவளிடம் விட்டுவிடாதீர்கள். சர்க்கரை தாறுமாறாகும், திட்டும் அவளுக்கே விழும். முதலில் சாப்பாட்டு இன்சுலின் கணக்கு. ஒரு யூனிட் எத்தனை கிராம் மாவுச்சத்துக்கு ஈடாகும், ஒரு யூனிட் சர்க்கரையை எவ்வளவு இறக்கும்? இந்த இரண்டு எண்ணும் அவளுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். அவள் கணக்குப் போடட்டும், நீங்கள் சரிபாருங்கள். அது பழகிய பிறகு மருந்து இருப்பு: இன்சுலின் பேனா காலியான அன்று தேடாமல், பத்து நாளைக்கு மீதி இருக்கும்போதே வாங்குவது. தேதி வாங்குவது கடைசியில் வந்தால் போதும்.

காய்ச்சல், வாந்தி நாட்களுக்கான விதிகள் மட்டும் காத்திருக்கக் கூடாது. சாப்பிட முடியாவிட்டாலும் நீண்டநேர இன்சுலினை நிறுத்தக் கூடாது. சர்க்கரை 250க்கு மேலேயே நின்றால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) பார்க்க வேண்டும். ரத்தக் கீட்டோன் 1.5ஐத் தாண்டினால் டாக்டருக்கு போன், 3 வந்துவிட்டால் நேராக அவசரப் பிரிவு. "சாப்பிடல, அதனால ஊசியும் போடல" என்பதுதான் பலரைக் கீட்டோஅசிடோசிஸில், அதாவது கீட்டோன் மிகுந்து ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலையில், கொண்டுபோய்த் தள்ளுகிறது.

பெரியவர்_ஓபி:
பல வருஷத்து ஃபைலை முதல் நாளே யாரும் முழுதாகப் படிக்க மாட்டார்கள். ஒரே பக்கத்தில் சுருக்கம் கேட்டு வாங்குங்கள்: நோய் தெரிந்த மாதம், வருடம், இன்சுலின்களின் பெயர், யூனிட், மேலே சொன்ன இரண்டு எண்கள், கடைசி மூன்று ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை), கீட்டோஅசிடோசிஸ் அல்லது மயங்கும் அளவுக்குத் தாழ்சர்க்கரை வந்த தேதிகள், டிஎஸ்எச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை), தைராக்ஸின் மாத்திரையின் அளவு, கண் பரிசோதனையும் சிறுநீர் ஆல்புமினும் கடைசியாக எப்போது, ஒவ்வாமை, தடுப்பூசி. ஆன்டிபாடி, சி-பெப்டைடு (டைப் 1தானா என்று கண்டறிய உதவும் ரத்தப் பரிசோதனைகள்) செய்திருந்தால் அந்த முடிவுகள் கட்டாயம் இருக்கட்டும். எங்கள் ஓபியில் பெரும்பாலும் டைப் 2 நோயாளிகள்தான். புதிதாகப் பார்ப்பவர் இவளையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

காரியம் கெடுவது பெரும்பாலும் இரண்டு பிரிவுக்கும் நடுவில்தான். அங்கே அனுப்பிவிட்டார்கள், இங்கே தேதி கிடைக்கவில்லை, மருந்துச் சீட்டு காலாவதி. அதனால் குழந்தைகள் பிரிவின் கடைசி வருகைக்கு முன்பே இங்கே முதல் தேதி கையில் இருக்க வேண்டும். கடைசி மருந்துச் சீட்டு அந்தத் தேதிக்குப் பிறகும் ஒரு மாதத்துக்குப் போதுமானதாக இருக்கட்டும். நீங்கள் இங்கே வந்து பார்த்தாகிவிட்டது என்று உறுதியாகும்வரை அவர்கள் ஃபைலை மூடாமலிருப்பது நல்லது. இன்னொன்று: இங்கே நேரம் குறைவு, கேள்வி நேராக அவளிடம்தான் வரும். வராமல் போனால் ஏன் என்று போன் செய்து கேட்க ஆள் இருக்காது.

நிலாமுகில்:
அப்படியானால் இனி டாக்டர் அறைக்குள் நாங்கள் போகலாமா, கூடாதா?

சிறார்பிரிவு_நர்ஸ்:
முதல் பத்து நிமிஷம் அவள் தனியாக, பிறகு நீங்கள். இதை இங்கேயே, அடுத்த வருகையிலேயே தொடங்கச் சொல்லுங்கள். மது, புகை, கருத்தடை, உடல் இளைப்பதற்காக இன்சுலினை வேண்டுமென்றே குறைப்பது (பதின்வயதில் இதைக் கேட்டே ஆக வேண்டும்) எதுவும் அம்மா அப்பா முன்னால் வாயில் வராது. மது குடித்தால் கல்லீரல் சர்க்கரை விடுவது குறைந்து, பல மணி நேரம் கழித்துத் தூக்கத்தில்கூடச் சர்க்கரை தாழலாம். இதை அவளிடம் ஒருவர் நேராகச் சொல்லியிருக்க வேண்டும். 18க்குப் பின் பெரும்பாலும் சம்மதக் கையெழுத்து அவளுடையது. ரிப்போர்ட்டை உங்களிடம் காட்டவும் அவள் அனுமதி தேவைப்படலாம்.

வலிப்பு_கிளினிக்:
18 என்ற எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம் என்பேன். தேர்வு மாதம், விடுதிக்குப் போகும் மாதம், ஹெச்பிஏ1சி ஏறிக்கொண்டிருக்கும் சமயம், இவற்றில் மாற்றினால் பிள்ளைகள் பாதியில் நழுவிவிடுகிறார்கள். நாலைந்து மாதம் தள்ளிப்போடக் கேளுங்கள். படிக்க வேறு ஊர் போவதாக இருந்தால் டாக்டரையும் அந்த ஊரிலேயே தேடுங்கள்.

பெரியவர்_ஓபி:
தள்ளிப்போடலாம், ஆனால் புதுத் தேதியை எழுதி வாங்கிக்கொண்டு. "பிறகு பார்க்கலாம்" என்று விட்டால் 18க்குப் பிறகும் குழந்தைகள் பிரிவில் பார்க்கத் தந்த அனுமதியும் காலாவதியாகி, ஒருநாள் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.