150 எம்பிபிஎஸ் ஃபைபர், ஆனால் ராத்திரி மட்டும் 4கே தரம் இறங்கிவிடுகிறது: ஐஎஸ்பியிடம் என்ன கேட்பது?

காவிரிக்கரை:

வணக்கம். ஈரோட்டில் உள்ளூர் ஐஎஸ்பி (இணைய சேவை நிறுவனம்) ஒன்றின் 150 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. நெட்ஃபிளிக்ஸ் பிரீமியம் பிளான், 55 இன்ச் 4கே டிவி. காலையிலும் மதியமும் படம் பளிச்சென்று ஓடுகிறது. ராத்திரி எட்டரைக்கு மேல் போட்டால் பத்து நிமிஷத்தில் மங்கி, முகங்கள் கட்டம்கட்டமாகத் தெரிகின்றன. பதினொன்றுக்கு மேல் தானாகவே தெளிந்துவிடுகிறது. மங்கும் அதே நேரத்தில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 145 காட்டுகிறது. யூடியூப் 4கே-யும் சுத்தாமல் ஓடுகிறது.

கஸ்டமர் கேரில் "டிவியை ரீசெட் பண்ணுங்க, இல்லாட்டி 300 பிளானுக்கு மாறுங்க" என்கிறார்கள். 4கே ஓட ஐஎஸ்பி தனியாக ஏதாவது செய்துதர வேண்டுமா? பிளானை உயர்த்தினால் சரியாகுமா?

ஒளியிழை:

பிளானை உயர்த்தாதீர்கள் சார். காசுதான் போகும்.

நெட்ஃபிளிக்ஸ் 4கே-க்குக் கேட்பது 15 எம்பிபிஎஸ். 1080பி-க்கு 5, 720பி-க்கு 3. யூடியூப் 4கே-க்கு 20 போதும். 150 இருக்கும் வீட்டில் 4கே இறங்குகிறது என்றால் குறை பிளானின் அளவில் இல்லை, வழியில் இருக்கிறது. ஸ்பீட் டெஸ்ட் உங்களுக்கு ஆகப் பக்கத்தில் இருக்கும் சர்வரைப் பிடித்து அளக்கிறது. அந்த சர்வரைப் பல ஐஎஸ்பிகள் தங்கள் ரேக்கிலேயே வைத்திருப்பார்கள். ஆகவே அந்த 145 உங்கள் வீட்டுக்கும் ஐஎஸ்பியின் அறைக்கும் நடுவே உள்ள வேகம். படம் வருவது வேறு வழி.

நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு ஒரு பழைய கதை உண்டு. 2013 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் 'சூப்பர் எச்டி' என்ற கூடுதல் தெளிவுள்ள படத்தைக் கொண்டுவந்தபோது, ஐஎஸ்பிகளைத் தங்கள் சர்வர்களோடு நேராக இணைக்கும் 'ஓப்பன் கனெக்ட்' ஏற்பாட்டில் சேர்ந்த ஐஎஸ்பிகளின் வாடிக்கையாளருக்கு மட்டும்தான் அது கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். இன்று அப்படித் தடை எதுவும் இல்லை. ஆனால் கூட்டமான நேரத்தில் 4கே நிலைத்து நிற்குமா என்பதை இன்றும் தீர்மானிப்பது, உங்கள் ஐஎஸ்பி நெட்ஃபிளிக்ஸின் சர்வர்களோடு எங்கே, எவ்வளவு அகலத்தில் இணைந்திருக்கிறது என்பதுதான்.

அதைப் பார்க்கும் விதம்: ஒரு லேப்டாப்பை ரவுட்டரில் லேன் கேபிளால் செருகுங்கள், வைஃபையை அணைத்துவிடுங்கள். மதியம் மூன்று மணிக்கு ஒருமுறை, ராத்திரி ஒன்பதரைக்கு ஒருமுறை ஃபாஸ்ட் டாட் காம் திறந்து ஓட விடுங்கள். அது நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் சோதனை. படம் அனுப்பும் அதே சர்வர்களிலிருந்துதான் அளக்கும். முடிந்ததும் கூடுதல் விவரம் காட்டும் பட்டனை அழுத்தினால் இரண்டு லேட்டன்சி (தகவல் போய்த் திரும்ப ஆகும் மில்லிசெகண்ட்; சும்மா இருக்கும்போது ஒன்று, லோடில் ஒன்று) எண்களும் சர்வர் எந்த ஊர் என்பதும் வரும்.

அதோடு நிற்காமல், எஃப் 12 அழுத்தி நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொருமுறை ஓட்டுங்கள். சர்வரின் முழுப்பெயர் தெரியும். பெயரின் நடுவில் விமான நிலையக் குறி மூன்றெழுத்து இருக்கும். எம்ஏஏ என்றால் சென்னை, பிஓஎம் என்றால் மும்பை, எஸ்ஐஎன் என்றால் சிங்கப்பூர். அதற்கடுத்து ஐஎஸ்பி என்று முடிந்தால் அந்த சர்வர் பெட்டி ஒரு ஐஎஸ்பியின் அறைக்குள்ளேயே இருக்கிறது. எந்த நிறுவனம் என்பதும் அந்தப் பெயரிலேயே இருக்கும். ஐஎக்ஸ் என்று முடிந்தால் எக்ஸ்சேஞ்ச் (பல நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று இணையும் இடம்) வழியாக வருகிறது. அந்தப் பெயரை அப்படியே காப்பி செய்து, கமாண்ட் பிராம்ப்டில் ட்ரேஸர்ட் (வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரையும், அதாவது ஹாப்பையும், அதுவரை ஆகும் நேரத்தையும் காட்டும் கட்டளை) போட்டு இரண்டு நேரத்து முடிவையும் எடுத்து வையுங்கள்.

மொட்டைமாடி:

டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள் ப்ரோ, பாதிப் பிரச்சினை அதில்தான் தீரும்.

ஒளியிழை:

இந்த இடத்தில் தீராது தம்பி. நெட்ஃபிளிக்ஸ் எந்த சர்வரைக் கொடுப்பது என்பதை டிஎன்எஸ்ஸை வைத்து முடிவு செய்வதில்லை. பிளே அழுத்தியதும் உங்கள் ஐபி முகவரியைப் பார்த்து, அந்த முகவரி எந்தெந்த சர்வருக்கு பிஜிபி (நெட்வொர்க்குகள் தங்கள் முகவரிகளை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் முறை) மூலம் அறிவிக்கப்பட்டிருக்கிறது என்று தேடி, ஆப்புக்கு நேராகவே சர்வர் பட்டியலைத் தந்துவிடும்.

டிஎன்எஸ்ஸைப் பார்த்து ஊரை முடிவு செய்கிற சிடிஎன்களும் (பல ஊர் சர்வர்களிலிருந்து தரும் நெட்வொர்க்குகள்) உண்டு. அங்கே 1.1.1.1 போடுவது எதிராகவும் போகலாம். அது கேட்பவரின் நெட்வொர்க் விவரத்தைச் சேர்த்து அனுப்பாது. ஆகவே ஐஎஸ்பிக்குள் கேஷ் (நகல் வைத்திருக்கும் சர்வர்) இருந்தும் வெளியில் உள்ள சர்வர் கிடைக்கக்கூடும். ஸ்ட்ரீமிங்குக்கு ஐஎஸ்பி கொடுத்த டிஎன்எஸ்ஸை விட்டுவைப்பதே நல்லது.

செம்புக்கம்பி:

ஐஎஸ்பி மேல் போகும் முன் வீட்டு வைஃபையைக் கழித்துவிடுங்கள் அண்ணா. ராத்திரியில் மட்டும் கெடுவதற்கு வைஃபையும் காரணமாக இருக்கலாம். எட்டரைக்குத்தான் தெருவில் எல்லா வீட்டு ரவுட்டரும் வேலை செய்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 மூன்றுதான். டிவி அதில் ஒட்டிக்கொண்டிருந்தால் பக்கத்து வீட்டு டிவியோடு இடத்துக்கு அடித்துக்கொண்டிருக்கும். ரவுட்டரில் 2.4-க்கும் 5-க்கும் வேறு வேறு பெயர் வைத்து, டிவியை 5-ல் மட்டும் சேருங்கள். டிவிக்குப் பக்கத்தில் போனை வைத்து ஒரு வைஃபை அனலைசர் ஆப்பில் பாருங்கள். சிக்னல் மைனஸ் 65 டிபிஎம் அல்லது அதைவிட நன்றாக இருக்க வேண்டும். மைனஸ் 75 என்றால் நடுவே இரண்டு சுவர் நிற்கிறது.

இதைவிட நல்லது கேபிள். பத்து மீட்டர் கேட் 5இ கேபிள் போதும். நிறைய டிவிகளில் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், அதில் ஸ்பீட் டெஸ்ட் 94-ஐத் தாண்டாது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், 15 கேட்கும் படத்துக்கு 94 தாராளம்.

பிளே செட்டிங், எச்டிஎம்ஐ, ஃபைபர் பவர் இதையெல்லாம் துழாவ வேண்டாம். மதியம் 4கே வருகிறது என்றாலே இவை சரியாக இருக்கின்றன. ஓஎன்டி-யில் (ஃபைபர் வந்து சேரும் வீட்டுப் பெட்டி) ரிசீவ் பவர் மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழே போனால் எந்த நேரமும் தொல்லைதான் தரும், மணி பார்த்துத் தராது.

காவிரிக்கரை:

நன்றி. டிவிக்கு நேற்றே லேன் கேபிள் போட்டேன், ராத்திரி மங்குவது மாறவில்லை. லேப்டாப்பில் கேபிளோடு எடுத்தது:

மதியம் 3 மணி: ஃபாஸ்ட் 141. லேட்டன்சி 10, லோடில் 24. சர்வர் பெயரில் எம்ஏஏ, ஐஎக்ஸ்.

ராத்திரி 9.40: ஃபாஸ்ட் 8.6. லேட்டன்சி 58, லோடில் 130. சர்வர் பெயர் அதே எம்ஏஏ, ஐஎக்ஸ்.

ட்ரேஸர்ட்டில் ராத்திரி: இரண்டாவது ஹாப் 3 மில்லிசெகண்ட், நான்காவது ஹாப் 9. ஐந்தாவதில் 57, கடைசி வரை அப்படியே. மதியம் கடைசி ஹாப் 10 தான். யூடியூப்பில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' ராத்திரியிலும் 90 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் காட்டுகிறது.

நைட்ஷிஃப்ட்_என்ஓசி:

அருமையாக எடுத்திருக்கிறீர்கள் சார். இதை வைத்தே இடத்தைச் சொல்லிவிடலாம்.

நான்காவது ஹாப் அநேகமாக உங்கள் ஐஎஸ்பியின் சென்னை ரவுட்டர். அங்கே வரை ராத்திரியிலும் 9 மில்லிசெகண்ட் என்பதால் வீடு, ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர், ஈரோடு-சென்னை பேக்ஹால் லைன் எதிலும் நெரிசல் இல்லை. ஐந்தாவதில் 48 மில்லிசெகண்ட் ஏறி, கடைசி வரை இறங்கவே இல்லை. இந்தக் கடைசி வரை இறங்காததுதான் முக்கியம். நடுவில் ஒரு ஹாப் மட்டும் 200 காட்டிவிட்டு அடுத்தது மறுபடி 10-க்கு வந்தால் அந்த ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்லச் சோம்பல்படுகிறது என்று மட்டுமே பொருள். ஏறியது ஏறியபடியே நின்றால் அங்கே ஒரு போர்ட் நிரம்பி, பாக்கெட்டுகள் வரிசையில் காத்துக்கிடக்கின்றன. உங்கள் விஷயத்தில் அது சென்னை எக்ஸ்சேஞ்சில் உங்கள் ஐஎஸ்பியின் போர்ட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். யூடியூப் தப்பித்ததற்குக் காரணம், கூகுளின் கேஷ் ஐஎஸ்பிக்கு உள்ளேயோ அல்லது அவர்களுக்கு பேண்ட்வித் விற்பவரிடமோ இருக்கும். அந்த ட்ராஃபிக் இந்த போர்ட்டைத் தொடவே தொடாது.

போர்ட் எவ்வளவு எளிதில் நிரம்பும் என்று பாருங்கள். 1 ஜிபிபிஎஸ் போர்ட்டில் 15 எம்பிபிஎஸ் 4கே ஓட்டம் 66 பேருக்கு மேல் தாங்காது. 1080பி என்றாலும் 200 பேர். சில ஆயிரம் வீடுகள் வைத்திருக்கும் ஐஎஸ்பிக்கு ஞாயிறு ராத்திரியில் இது ஒன்றுமே இல்லை. உங்களை 300 பிளானுக்கு மாற்றினாலும் நீங்கள் நிற்கப்போவது இதே வரிசையில்தான்.

அவர்கள் செய்யக்கூடியது: எக்ஸ்சேஞ்ச் போர்ட்டை 10 ஜிபிபிஎஸ் ஆக்குவது, அல்லது நெட்ஃபிளிக்ஸோடு தனிப் பியரிங் (நேரடி இணைப்பு) கேட்பது. ட்ராஃபிக் போதுமான அளவு இருந்தால் கேஷ் பெட்டியையே கேட்டு வாங்கலாம். பெட்டிக்கும் பியரிங்குக்கும் நெட்ஃபிளிக்ஸ் காசு வாங்குவதில்லை. ரேக் இடம், கரண்ட், போர்ட் ஆகியவை மட்டும் ஐஎஸ்பி செலவு. பெட்டி கூட்டமில்லாத நேரத்தில் படங்களை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம் அத்தனை வீட்டுக்கும் உள்ளிருந்தே கொடுத்துவிடும். ட்ராஃபிக் குறைவாக உள்ள சின்ன நிறுவனம் என்றால், ஏற்கெனவே கேஷ் வைத்திருக்கும் அப்ஸ்ட்ரீமிடம் (பேண்ட்வித் விற்பவரிடம்) அந்த வழியைக் கேட்டு வாங்குவதே நடைமுறை.

இந்தத் திரியை வேறு அறிகுறியோடு படிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் இதை அடிக்கடி பார்க்கிறோம். சர்வர் பெயரில் மதியத்திலேயே எஸ்ஐஎன் வந்து, பக்கத்து வீட்டில் அதே ஐஎஸ்பிக்கு எம்ஏஏ வந்தால் அது நெரிசல் இல்லை, அறிவிப்புப் பிழை. ஐஎஸ்பி புதிதாக ஐபி பிளாக் வாங்கியிருப்பார்கள், அல்லது சிஜிநாட் (பல வீடுகளுக்கு ஒரே பப்ளிக் ஐபி) பூலை மாற்றியிருப்பார்கள். அந்த முகவரிகளை எக்ஸ்சேஞ்சிலும் கேஷ் பக்கமும் அறிவிக்க மறந்திருப்பார்கள். ஐபிவி6 (புது வகை ஐபி) முகவரிகளுக்கு மட்டும் மறந்துபோவதும் உண்டு. லேப்டாப்பில் ஐபிவி6-ஐ அணைத்துவிட்டு மறுபடி ஃபாஸ்ட் ஓட்டினால் எம்ஏஏ வருகிறதென்றால் குற்றவாளி அதுதான். இதைச் சரிசெய்யச் செலவே கிடையாது, ரவுட்டரில் ஓரிரண்டு வரி.

காவிரிக்கரை:

புரிந்தது. கஸ்டமர் கேரில் இதைச் சொன்னால் திரும்ப "டிவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார்கள். யாருக்கு, எப்படி எழுதுவது?

நைட்ஷிஃப்ட்_என்ஓசி:

போனில் சொல்லாதீர்கள், நெட்வொர்க்கைக் கவனிக்கும் என்ஓசி குழுவுக்குப் போகும்படி மெயில் போடுங்கள். சப்ஜெக்டில் 'என்ஓசி கவனத்துக்கு: சென்னை ஐஎக்ஸ் போர்ட் நெரிசல், இரவு 8.30 முதல் 11 வரை' என்று எழுதுங்கள். 'நெட் ஸ்லோ' என்ற சொல்லே வரக்கூடாது, வந்தால் மெயில் நேராக ரீசெட் சொல்கிறவரிடம் போய்விடும். உள்ளே உங்கள் பப்ளிக் ஐபி, சர்வரின் முழுப்பெயர், இரண்டு நேரத்து ட்ரேஸர்ட், ஃபாஸ்ட் முடிவின் படம். லேன் கேபிளில் எடுத்தது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அதே ஐஎஸ்பி உள்ள இரண்டு வீடுகளில் அதே ராத்திரி எடுத்த முடிவும் இருந்தால், உங்கள் டிவியைக் குறை சொல்ல வழியே இல்லை.

உங்கள் ஐஎஸ்பியின் ஏஎஸ் நம்பரை (நெட்வொர்க்கின் அடையாள எண்) பியரிங்டிபி தளத்தில் தேடினால், எந்த எக்ஸ்சேஞ்சில் எத்தனை ஜி போர்ட் என்று பெரும்பாலும் அவர்களே பதிந்திருப்பார்கள். அங்கே 1ஜி என்று இருந்தால் அந்தப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

ஒளியிழை:

மெயிலோடு டாக்கெட் (புகார்) நம்பரும் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள் சார், அது இல்லாவிட்டால் புகார் கொடுத்ததற்கே சாட்சி இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2006 சேவைத்தர விதியிலேயே, கூட்டமான நேரத்தில் இணைப்பின் பயன்பாடு 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். இந்த எதிர்பார்ப்பு நியாயமானது என்று மெயிலில் தைரியமாகச் சுட்டலாம். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த படி அந்த நிறுவனத்தின் அப்பீல் அத்தாரிட்டி. 2012 குறைதீர்ப்பு விதிப்படி அப்பீலை 39 நாளுக்குள் முடிக்க வேண்டும். டிராய்க்கு நேராக எழுத வேண்டாம், அவர்கள் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை.

போர்ட்டைப் பெரிதாக்கிவிட்டோம் என்று அவர்கள் சொன்னால் வார நாளில் சோதிக்காதீர்கள். ஞாயிறு ராத்திரி ஒன்பதரைக்கு, அதே லேப்டாப், அதே கேபிள். வேக எண்ணைவிட லேட்டன்சியைப் பாருங்கள்: அது மதியத்து 10-லேயே நின்றால் போர்ட் காலியாக இருக்கிறது. 25, 30 என்று வந்தால் வரிசை இன்னும் இருக்கிறது, புகாரை மூட விடாதீர்கள்.