மறு: இல்யூஷன், ஹாலுசினேஷன் இரண்டுக்கும் ‘மாயத்தோற்றம்’ போதுமா?

ஐயா, வணக்கம்.

> இரண்டுக்கும் ‘மாயத்தோற்றம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. ஏற்கெனவே புழங்குகிற சொல்தானே?

புழங்குகிறது, சரி. ஆனால் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோயில் அதிகம் வரும் ஹாலுசினேஷன், காதில் விழும் குரல். ஆளில்லாத அறையில் இரண்டு பேர் தன்னைப் பற்றிப் பேசிக்கொள்வது கேட்கிறது. ‘இதோ எழுந்துவிட்டான், கதவைத் திறக்கிறான்’ என்று ஒரு குரல் வர்ணனை செய்துகொண்டே வருகிறது. இதில் தோற்றம் எங்கே? ‘செவிவழி மாயத்தோற்றம்’ என்று எழுதும்போதெல்லாம் எனக்குக் கை தயங்குகிறது.

பொருள் ஒன்று வெளியே இருந்து, அதை வேறாக உணர்ந்தால் இல்யூஷன். பொருளே இல்லாமல் உணர்ந்தால் ஹாலுசினேஷன். மனநல மருத்துவத்தில் இதைத் தெளிவாகப் பிரித்தவர் 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல். முதல் பாதிக்கு நம்மிடம் பழைய சொல்லே உண்டு. மணிமேகலை 27ஆம் காதையில் பிழைபட்ட அளவைகளுள் (அறியும் வழிகளுள்) ஒன்று ‘திரியக் கோடல்’: ஒன்றை வேறொன்றாகக் கொள்வது, இப்பியை (சிப்பியை) வெள்ளி என்று உணர்வதுபோல. அச்சு அசல் இல்யூஷன். அதே வரிசையில் ‘இல்வழக்கு’ம் வருகிறது, ஆனால் அது முயற்கொம்பு மாதிரி சொல்லில் மட்டும் இருப்பது, புலனோடு ஒட்டாது.

ஆகவே இல்யூஷனுக்குத் ‘திரிபுணர்வு’. ஹாலுசினேஷனுக்கு, இல்பொருள் உவமை படித்த எவருக்கும் விளங்கும்படி ‘இல்பொருளுணர்வு’. ‘இல்புலன்’ என்று சுருக்கிப் பார்த்தேன். புலனே இல்லாதவர் என்று பொருள் போய்விடுகிறது.

திரிபின் வகைகளில் சிக்கல் குறைவு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது அப்படியே ஒரு வகை: அச்சத் திரிபு. அச்சுப்பிழையைக் கண் தானே திருத்திப் படித்துவிடுவது நிரப்புத் திரிபு (இந்தக் குழுவில் எல்லாருக்கும் உண்டு). இவை இரண்டும் உற்றுப் பார்த்தால் கலைந்துவிடும். மேகத்தில் முகம் தெரிவது மட்டும் பார்க்கப் பார்க்கத் துலங்கும். அதனால் அதற்குத் தனியாக ‘உருக்காணல்’ வேண்டும் என்கிறேன்.

சொற்களைச் சோதிக்க எனக்குப் பிடித்த இடம் தண்ணீர்க் குழாய். குழாயைத் திறந்ததும் சலசலப்பே வசவாகக் கேட்டால் திரிபுணர்வு. சலசலப்பும் கேட்டு, அதோடு வசவும் தனியாகக் கேட்டு, குழாயை மூடியதும் இரண்டும் நின்றால், அது ஃபங்ஷனல் ஹாலுசினேஷன். ‘தூண்டு இல்பொருளுணர்வு’ என்று வைக்கலாமா? நீளம்தான், ஆனால் குழப்பாது. ‘மாயத்தோற்றம்’ இந்த இரண்டையும் ஒரே வாளியில் பிடித்துவிடும்.

தோலுக்கடியில் பூச்சி ஊர்வதற்குத்தான் இன்னும் சொல் அகப்படவில்லை. கொக்கெய்ன் பழக்கத்திலும், குடியை நிறுத்தும்போதும் வருவது. ‘பூச்சி ஊர்வது போன்ற உணர்வு’ என்று எழுதுகிறார்கள். அனுபவிப்பவர் ‘போல’ என்று சொல்வதில்லை. பூச்சி ஊருது என்றுதான் சொறிகிறார். ‘பூச்சியூர்வு’ எப்படி இருக்கிறது? காதுக்கு இடறினால் சொல்லுங்கள்.