18,000 வரிகளில் 41 மட்டும் பொருந்துகிறது: வேரியன்ட் டேபிள் ஜாயினில் உதவி தேவை

கேள்வி
வணக்கம். ஆறு வருடம் வங்கி டேட்டாவில் இருந்துவிட்டு, போன மாதம்தான் ஒரு புற்றுநோய் மரபணு ஆய்வுக் குழுவில் டேட்டா இன்ஜினியராகச் சேர்ந்தேன். ஓர் ஆய்வகம் அனுப்பிய விசிஎஃப் ஃபைலை (நோயாளிகளிடம் கண்ட மரபணு மாற்றங்களின் பட்டியல்) எங்கள் வேரியன்ட், அதாவது மரபணு மாற்ற விவர டேபிளோடு ஜாயின் செய்கிறேன். குரோமோசோம், இடம், மாறிய எழுத்து மூன்றும்தான் கீ, மூன்றும் ஒத்தால்தான் வரி பொருந்தும். 18,000 சொச்சம் வரிகளில் 41 மட்டும் பொருந்துகிறது.

ஒரு பக்கம் ‘சிஎச்ஆர்7’, மறுபக்கம் வெறும் ‘7’ என்றிருந்ததைச் சரிசெய்தேன். மைட்டோகாண்ட்ரியாவைக் குறிக்கும் ‘எம்’, ‘எம்டி’ வித்தியாசத்தையும் சேர்த்துத்தான். அதற்கு முன் பூஜ்யம், இப்போது 41. டேட்டா டைப், ஸ்பேஸ் எல்லாம் பார்த்தாயிற்று. எரரே வராமல் பைப்லைன் பச்சையாக முடிகிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

பதில் 1
ரெஃபரன்ஸ் ஜீனோம், அதாவது இடங்களை எண்ண அடிப்படையாக வைக்கும் பொது மரபணு வரிசை, இரண்டிலும் வேறு பதிப்பாக இருக்கும். விசிஎஃப் ஹெடரில் குரோமோசோம் 1-இன் நீளத்தைப் பாருங்கள். 249250621 என்றால் 2009-இல் வந்த ஜிஆர்சிஎச்37, 248956422 என்றால் 2013-இல் வந்த ஜிஆர்சிஎச்38.

டேபிளுக்கு ஹெடர் இருக்காது. அதில் புற்றுநோயில் நன்கு தெரிந்த மாற்றமான பிராஃப் ஜீனின் வி600இ-யைத் தேடுங்கள். குரோமோசோம் 7-இல் 140453136 என்றால் 37, 140753336 என்றால் 38. புது டேட்டா எது வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு வரியைத்தான்.

கேட்டவர்
ஃபைல் 37, டேபிள் 38! ஆனால் பதிப்பே வேறு என்றால் அந்த 41 எப்படிப் பொருந்தின?

பதில் 2
அந்த 41-உம் எந்தக் குரோமோசோம்? மைட்டோகாண்ட்ரியா என்றுதான் நினைக்கிறேன். ஜிஆர்சிஎச்37, 38 இரண்டோடும் வருவது ஒரே 16,569 எழுத்து மைட்டோகாண்ட்ரியா வரிசை. அதனால் இடம் மாறாது.

அவற்றை லிஃப்ட்ஓவரில் (ஒரு பதிப்பின் இடங்களை இன்னொன்றுக்கு மாற்றும் டூல்) போட்டுவிடாதீர்கள். அதற்கு எந்த இடம் எங்கே போகும் என்று சொல்வது செயின் ஃபைல். 37-இன் இன்னொரு வடிவமான எச்ஜி19-க்கு வழக்கமாகக் கிடைக்கும் செயின் ஃபைல், 16,571 எழுத்துள்ள பழைய மைட்டோகாண்ட்ரியா வரிசையை வைத்துச் செய்தது. சரியாக இருக்கும் இடங்களையும் நகர்த்திவிடும். தனியே எடுத்து வைத்து, மற்றதை மட்டும் மாற்றுங்கள்.

மாற்றிய பின் ஒவ்வொரு வரியின் ரெஃப் எழுத்தையும் (ரெஃபரன்ஸில் உள்ள மூல எழுத்து) 38-இன் முழு வரிசை உள்ள ஃபாஸ்டா ஃபைலோடு ஒப்பிடுங்கள். சில இடங்களில் ரெஃபரன்ஸ் எழுத்தே பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. அப்புறம், ஜீனோம் பகுதிகளைக் குறிக்கும் பெட் ஃபைல் ஏதாவது உள்ளே வந்தால் கவனம். அது 0-இலிருந்து எண்ணும், விசிஎஃப் 1-இலிருந்து. வங்கியில் ஒரு வரி விடுபட்டால் கணக்கு இடிக்கும். இங்கே எதுவும் இடிக்காது, நோயாளியின் ஒரு மாற்றம் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

கேட்டவர்
நீங்கள் சொன்னதேதான், 41-உம் மைட்டோகாண்ட்ரியா. மற்றதை மாற்றி ஓட்டினேன், 17,212 வரிகள் பொருந்துகின்றன. இடம் மாற்ற முடியாத 23 வரிகளைத் தூக்கிப் போடாமல் தனி டேபிளில் வைத்து ஆய்வாளர்களிடம் கொடுத்திருக்கிறேன். நீளம் ஒத்துப்போகாவிட்டால் பைப்லைன் நின்றுவிடும்படி செக் ஒன்றும் போட்டாயிற்று.

பிராஃப் வி600இ உள்ள நோயாளிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். நேற்றுவரை எங்கள் ரிப்போர்ட்டில் அந்த இரண்டு வரிகளும் இல்லை. இருவருக்கும் மிக்க நன்றி.